ஏலத்துல ஜெயிச்சாச்சு... ஆனா வந்தது வேற பொருள்! ஆன்லைன் ஏலத்தில் ஏமாந்தால் பணத்தை மீட்பது எப்படி?

1995-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்ற மென்பொருள் பொறியாளர், 'ஆக்‌ஷன்வெப்' என்று ஒரு சின்ன இணையதளத்தைத் தொடங்குகிறார். அதில் முதலில் விலைபோன பொருள் ஒரு லேசர் பாயின்டர். விலை 14.83 டாலர். விஷயம் என்னவென்றால், அது வேலை செய்யாத, உடைந்த பாயின்டர். 'உடைஞ்சதுன்னு தெரிஞ்சுதான் வாங்குறீங்களா?' என்று ஒமிடியாரே கேட்க, உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பதுதான் தன் வழக்கம் என்று வாங்கியவர் பதில் சொன்னாராம். அந்தத் தளம்தான் பின்னாளில் இபே.

உடைந்ததை 'உடைந்தது' என்று சொல்லியே விற்றதால் அன்றைக்குப் பஞ்சாயத்து எதுவும் வரவில்லை. இன்றைக்கு வரும் பிரச்னைகள் இதற்கு நேர் எதிர். 'புதுசு மாதிரியே இருக்கும்' என்று ஃபோட்டோ போட்டு ஏலம் விட்ட கேமரா, கையில் வரும்போது லென்ஸில் பூஞ்சை. 'ஒரிஜினல் வெள்ளி' என்று சொன்ன பழைய காசு, தேய்த்துப் பார்த்தால் வெறும் முலாம். லைவில் 'பியூர் சில்க்' என்று கூவிக் கூவி ஏலம் விட்ட புடவை, பார்சலைப் பிரித்தால் பாலியஸ்டர். சிலருக்குப் பிரிப்பதற்குப் பார்சலே வருவதில்லை.

தெருமுனைக் கடையில் வாங்கியிருந்தால் நேராகப் போய் நியாயம் கேட்கலாம். ஆன்லைனில் அதற்கு வழியில்லை. ஏலம் என்பதால் இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. 'நாமதானே போட்டி போட்டு விலையை ஏத்தி எடுத்தோம், இப்போ எந்த முகத்தோட திருப்பிக் கேக்குறது?' என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விற்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் 'ஏலத்துல எடுத்ததை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்' என்று தைரியமாகச் சொல்கிறார்கள்.

அது சரிதானா? பெரும்பாலான நேரங்களில் சரியில்லை. சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு என்றால் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் சட்டம் நம் பக்கம் இருப்பது வேறு, பணம் நம் கைக்குத் திரும்பி வருவது வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை இரண்டு கேள்விகள்: பணம் எந்த வழியாகப் போனது? புகார் எத்தனை நாளுக்குள் போனது? ஏல விலை 500 ரூபாயா, 50,000 ரூபாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இபேயில் எடுத்திருந்தால்...

இந்தியாவில் ஆன்லைன் ஏலம் புதிய விஷயம் அல்ல. 'பாஸி டாட் காம்' என்ற இந்தியத் தளத்தை 2004-இல் இபே வாங்கியது. அதுவே இபே இந்தியா ஆனது. 2017-இல் அது ஃபிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. ஆனாலும் இபேயின் அமெரிக்க, பிரிட்டன் தளங்களில் பழைய கேமரா, தபால்தலை, நாணயம், இசைத்தட்டு, கைக்கடிகார உதிரிபாகம் என்று தேடித் தேடி ஏலம் கேட்கும் சேகரிப்பாளர்கள் இங்கே இன்றும் இருக்கிறார்கள். இந்தியாவுக்கு அனுப்பச் சம்மதிக்கும் விற்பனையாளர் கிடைத்தால் போதும்.

இப்படி எடுக்கும் பொருளுக்கு இபே 'பணம் திரும்பும் உத்தரவாதம்' தருகிறது. பொருள் வரவில்லை, உடைந்து வந்தது, விளம்பரத்தில் சொன்னது வேறு வந்தது வேறு, இந்த மூன்றுக்கும் பொருந்தும். பொருள் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இபே கணக்கிலேயே புகாரைப் பதிவு செய்ய வேண்டும். வரவே இல்லை என்றால், 'இந்தத் தேதிக்குள் வரும்' என்று காட்டிய கடைசி நாளிலிருந்து 30 நாள் கணக்கு. பதிவு செய்ததும் விற்பவருக்கு 3 வேலை நாள் அவகாசம். அதற்குள் அவர் தீர்க்கவில்லை என்றால் 'நீங்களே தலையிடுங்க' என்று இபேயிடம் கேட்கலாம்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. விற்பவர் தன் விளம்பரத்தில் 'ரிட்டர்ன் கிடையாது' என்று போட்டிருந்தாலும் இந்த உத்தரவாதம் செல்லும். 'பிடிக்கவில்லை', 'மனசு மாறிட்டேன்' என்று திருப்புவதைத்தான் அந்த வரி தடுக்கும். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் தடுக்காது. அப்படித் திருப்பும்போது அனுப்பும் செலவும் விற்பவர் தலையில்தான்.

ஒரு உதாரணம். மதுரையில் ஒருவர் 1970-களின் ஃபிலிம் கேமரா ஒன்றை அமெரிக்காவில் இருக்கும் விற்பனையாளரிடம் 90 டாலருக்கு ஏலத்தில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஷட்டர் எல்லா வேகத்திலும் வேலை செய்யும், லென்ஸ் சுத்தம்' என்பது விளம்பரம். வந்த கேமராவில் ஷட்டர் ஓடுகிறது, லென்ஸுக்குள் பூஞ்சை. இது தெளிவான வழக்கு. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நாலு ஃபோட்டோ, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அவ்ளோதான். அதே கேமராவை 'உதிரிபாகத்துக்கு மட்டும், வேலை செய்யாது' என்ற வகையில் போட்டு விற்றிருந்தால், வேலை செய்யவில்லை என்று புகார் கொடுக்க முடியாது. ஒமிடியாரின் லேசர் பாயின்டர் கதைதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை இருக்கிறது: 'டெஸ்ட் பண்ணலை'. பேட்டரி இல்லை, சார்ஜர் இல்லை, அதனால் போட்டுப் பார்க்கவில்லை என்று விற்பவர் எழுதுவார். சில நேரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நூறு கேமரா விற்றவரிடம் ஒரு பேட்டரிகூட இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது இல்லையா? பழகிய சேகரிப்பாளர்கள் 'டெஸ்ட் பண்ணலை' என்பதை 'வேலை செய்யலை' என்றே படிப்பார்கள். அந்த விலைக்குத்தான் ஏலமும் கேட்பார்கள்.

நாளைக் கடத்துவதுதான் பெரிய தந்திரம்

புகார் கொடுக்கத் தெரியாமல் பணத்தை விடுபவர்களைவிட, தெரிந்தும் தள்ளிப்போட்டு விடுபவர்கள் அதிகம் என்று சொல்லலாம். விற்பவர் கெட்டவராகவே பேச மாட்டார். ரொம்பப் பணிவாக இருப்பார். 'சார், கஸ்டம்ஸ்ல மாட்டியிருக்கும், இன்னும் ஒரு வாரம் பாருங்க.' அடுத்த வாரம், 'போஸ்ட் ஆபீஸ்ல விசாரிச்சிருக்கேன்.' அதற்கடுத்து, 'வீட்ல உடம்பு சரியில்லை, வந்ததும் ரீஃபண்ட் போடுறேன்.' முப்பத்தோராவது நாள் பதில் நின்றுவிடும்.

இன்னொரு வகை: 'முதல்ல கேஸை குளோஸ் பண்ணுங்க, உடனே பணம் அனுப்புறேன்.' மூடிய புகாரைப் பொதுவாக மறுபடி திறக்க முடியாது. பணம் கணக்கில் ஏறிய பிறகே மூட வேண்டும். 'நெகட்டிவ் ஃபீட்பேக்கை எடுத்தாதான் ரீஃபண்ட்' என்று பேரம் பேசுவதையும் இபே விதிகள் அனுமதிப்பதில்லை. அப்படி எழுதி அனுப்பினால் அந்த மெசேஜே உங்களுக்குச் சாட்சி.

'பாதிப் பணம் தர்றேன், பொருளை நீங்களே வெச்சுக்கோங்க' என்று சொல்வதை மட்டும் தந்திரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பும் அலைச்சலைக் கணக்குப் போட்டால் சில நேரம் இதுதான் லாபம். ரிப்பேர் செலவைவிட அதிகமாகத் தருகிறாரா என்று பார்த்து முடிவு செய்யலாம். அந்தப் பணமும் தளம் வழியாகவே வர வேண்டும்.

பார்சல் வராமலே 'டெலிவர்டு' என்று காட்டும் மோசடியும் உண்டு. அதே அஞ்சல் குறியீட்டில் வேறு ஏதோ ஒரு முகவரிக்கு ஒரு சின்னக் கவரை அனுப்பிவிடுவார்கள். டிராக்கிங் நம்பரைப் போட்டால் உங்கள் ஊரில் கொடுத்தாகிவிட்டது என்று வரும். இதற்கு அஞ்சலகத்திலோ கூரியர் அலுவலகத்திலோ எந்த முகவரிக்குக் கொடுத்தார்கள், எடை எவ்வளவு என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கி, புகாரோடு சேர்க்க வேண்டும். ஒரு கிலோ கேமரா 20 கிராம் கவரில் வராது.

ஏலத்தில் தோற்றவர்களையும் விடுவதில்லை. 'ஜெயிச்சவர் பணம் கட்டலை, உங்களுக்கே தர்றேன், இந்த அக்கவுன்ட்டுக்கு அனுப்புங்க' என்று மெயில் வரும். இரண்டாவது வாய்ப்பு தரும் வசதி இபேயில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது இபே கணக்கின் மெசேஜ் பெட்டியில் வரும், பணமும் அங்கேயே கட்ட வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணோடு மெயிலில் மட்டும் வந்தால் போலி. தளத்துக்கு வெளியே பணம் கட்டிய நிமிடமே அந்த 30 நாள் உத்தரவாதம் காலி.

தளம் கைவிட்டால் கார்டு வழி

கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ கட்டியிருந்தால் 'சார்ஜ்பேக்' என்று ஒன்று இருக்கிறது. பொருள் வரவில்லை, சொன்னபடி இல்லை என்று உங்கள் வங்கியிடம் சொல்லி, போன பணத்தைத் திரும்ப இழுக்கக் கேட்பது. வங்கி கேட்கும் காகிதங்களைக் கொடுக்க வேண்டும், நாள் கெடுவும் உண்டு. பேபால் வழியாகக் கட்டியிருந்தால், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் அங்கே தகராறைப் பதிவு செய்யலாம். ஆனால் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வகையில் பணம் அனுப்பச் சொல்லும் விற்பனையாளரிடம் உஷார். கட்டணம் மிச்சமாகும் என்று காரணம் சொல்வார். அந்த வகைக்குப் பேபால் பாதுகாப்பு கிடையாது.

ஒரே நேரத்தில் எல்லாக் கதவையும் தட்டலாமா? கூடாது. வங்கியில் சார்ஜ்பேக் போட்டால் இபே தன் புகாரை மூடிவிடும். முதலில் தளம், அங்கே நடக்கவில்லை என்றால் வங்கி. இந்த வரிசைதான் வேலைக்கு ஆகும்.

இன்ஸ்டா லைவ் ஏலம்: இங்கேதான் சிக்கல்

இனி நம்ம ஊர் நிலவரம். இன்றைக்கு இங்கே சாதாரண மக்கள் கலந்துகொள்ளும் ஏலம் பெரும்பாலும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் லைவிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நடக்கிறது. புடவை, பழைய பித்தளைப் பாத்திரம், நாணயம், அலங்கார மீன், செடி என்று எல்லாமே ஏலத்துக்கு வருகிறது. கமென்ட்டில் தொகையைப் போட வேண்டும். 'போறது ஒரு தரம், ரெண்டு தரம்...' முடிந்ததும் ஜிபே நம்பர் வரும். பத்து நிமிடத்தில் பணம் கட்டவில்லை என்றால் அடுத்தவருக்கு.

இங்கே தளம் நடுவில் நிற்பதில்லை. பணம் நேராக விற்பவரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. பிடித்து வைக்க யாரும் இல்லை, 30 நாள் உத்தரவாதமும் இல்லை. யுபிஐ-யில் நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்துக்கு, கார்டில் இருப்பது போல 'சொன்னபடி பொருள் இல்லை' என்று திரும்ப இழுக்கும் வசதியும் கைகொடுக்காது. சுருக்கமாகச் சொன்னால், கேமராக்காரருக்கு இருந்த இரண்டு கதவும் புடவை வாங்கியவருக்கு மூடியிருக்கிறது. மிச்சம் இருப்பது சட்டம்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? ஏலத்துக்கென்றே 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64-ஆவது பிரிவு இருக்கிறது. சுத்தியல் அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ முடிந்தது என்று அறிவிக்கும்வரை, கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். 'மூணு தரம்' சொல்லும்வரை நீங்கள் கட்டுப்பட்டவர் இல்லை. அதைவிட முக்கியம், விற்பவர் தானும் ஏலம் கேட்பேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல், தானே கேட்பதோ ஆளை வைத்துக் கேட்க வைப்பதோ சட்ட விரோதம். போலியாகக் கேட்டு விலையை ஏற்றியிருந்தால் அந்த விற்பனையை ரத்து செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

லைவில் 1,200 ரூபாயில் நின்ற விலையை, ஃபோட்டோவே இல்லாத ஏதோ ஒரு ஐடி வந்து 1,500, 1,800 என்று ஏற்றிவிட்டுப் போவதைப் பலர் பார்த்திருக்கலாம். எல்லா ஐடியும் போலி என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வித்தை உலகம் முழுக்க நடப்பதுதான். 2000-ஆம் ஆண்டு மே மாதம் இபேயில் ஒரு ஓவியம் 25 சென்ட் தொடக்க விலைக்கு வந்தது. வீட்டில் கிடந்த பழைய பொருள் போல அப்பாவியாக எழுதியிருந்தார் விற்றவர். ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் படைப்பாக இருக்குமோ என்று போட்டி சூடுபிடித்து, 1,35,805 டாலருக்கு நெதர்லாந்துக்காரர் ஒருவர் எடுத்தார். விற்றவரே தன் ஏலத்தில் விலை கேட்டிருந்தது தெரிந்து இபே விற்பனையை ரத்து செய்தது. விற்றவர் ஒரு வழக்கறிஞர். போலி ஐடிக்களை வைத்து ஏலம் ஏற்றிய வழக்கில் 2001-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' செல்லுமா?

நம் ஊர் பில் புத்தகங்களில் அச்சடித்தே வரும் வரி: 'விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது'. அதன் ஆன்லைன் வடிவம்தான் இது. குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது.

2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. இணையச் சந்தைத் தளம் வழியாக விற்பவர், பொருள் குறையாகவோ போலியாகவோ இருந்தால், விளம்பரம் செய்த தன்மை இல்லை என்றால், சொன்ன தேதி தாண்டி வந்தால், திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

ஆனால் லைவில் பேசி, இன்பாக்ஸில் முடித்து, ஜிபேயில் கட்டிய வியாபாரத்தில் 'நாங்க வெறும் மேடைதான்' என்று தளம் ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. இன்னொரு ஓட்டையும் உண்டு. வழக்கமாக வியாபாரம் செய்யாமல், தன் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு இந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. அதனால்தான் சிலர், மாதம் முழுக்க ஏலம் விட்டுக்கொண்டே, 'இது என் பர்சனல் கலெக்‌ஷன்' என்கிறார்கள். அவர் வாராவாரம் லைவ் போடுகிறாரா, ஒரே மாதிரி பத்துப் பீஸ் வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தின் பழைய லைவ்கள், போஸ்ட்களின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைப்பது எதற்கு என்றால், அவர் தனிநபர் இல்லை, வியாபாரி என்று காட்டுவதற்குத்தான்.

வாங்குபவர் பக்கமும் ஒரு நிபந்தனை இருக்கிறது. நீங்களே மறுபடி விற்பதற்காக ஏலத்தில் எடுத்திருந்தால், பொதுவாகச் சட்டப்படி நீங்கள் 'நுகர்வோர்' இல்லை. நாணயம், புடவை வாங்கி விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஜெர்மனியைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். 'இபே ஏலத்தில் வாங்கியதைத் திருப்ப முடியாது, ஏலத்துக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது' என்று விற்பனையாளர்கள் அங்கேயும் வாதாடினார்கள். வியாபாரியிடம் வாங்கியிருந்தால் இபே ஏலமும் சாதாரண ஆன்லைன் விற்பனைதான், காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று 2004 நவம்பரில் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த அவகாசம் இப்போது 14 நாள். இந்தியாவில் ஆன்லைனில் வாங்கியதைக் காரணமே இல்லாமல் திருப்பும் பொது உரிமை கிடையாது. குறை இருப்பதை வாங்கியவர் காட்டியாக வேண்டும்.

அன்பாக்சிங் வீடியோ கட்டாயமா?

'பார்சல் ஓப்பனிங் வீடியோ இல்லேன்னா கம்ப்ளெய்ன்ட் எடுக்க மாட்டோம்' என்பது இன்ஸ்டா கடைகளின் எழுதாத சட்டம். எழுதியே வைத்திருப்பவர்களும் உண்டு. நுகர்வோர் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. வீடியோ இல்லாததாலேயே உரிமை போய்விடாது. ஆனாலும் எடுத்து வைப்பது நல்லது. ஒட்டிய டேப், அனுப்பியவர் முகவரி, எடை எழுதிய லேபிள் எல்லாம் தெரிகிற மாதிரி, இடையில் நிறுத்தாமல் ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும்.

அதைவிடப் பலர் கோட்டைவிடுவது லைவ் வீடியோவைத்தான். 'பியூர் சில்க்' என்று அவர் வாயால் சொன்னது அதில்தான் இருக்கிறது. ஏலம் முடிந்த கொஞ்ச நேரத்தில் வீடியோவை அழித்துவிட்டால் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. பணம் கட்டும் முன், 'புடவை பியூர் சில்க், டேமேஜ் இல்லை, 1,800 ரூபாய், சரிதானே?' என்று இன்பாக்ஸில் ஒரு வரி கேட்டு, 'ஆமா' என்று பதில் வாங்கிவிட்டால் போதும். அது எழுத்துப்பூர்வ விவரணை ஆகிவிடும். விவரணை சொல்லி விற்றால் பொருள் அதன்படியே இருக்க வேண்டும் என்பதும் அதே 1930 சட்டத்தில் இருக்கிறது.

1930-ஆ, 1915-ஆ?

இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பணம் வாங்கியதும் பிளாக் செய்துவிட்டார், பக்கமே காணவில்லை, கொடுத்த முகவரி பொய் என்றால் அது மோசடி. உடனே 1930-ஐ அழைக்க வேண்டும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிய வேண்டும். இதில் மணிக்கணக்கு முக்கியம். பணம் இன்னும் அந்தக் கணக்கிலேயே இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. எடுத்துவிட்டால் கஷ்டம்.

ஆள் இருக்கிறார், பதிலும் சொல்கிறார், ஆனால் குறைப் பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கிறார் என்றால் அது நுகர்வோர் தகராறு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். இவர்கள் தீர்ப்பு சொல்பவர்கள் இல்லை, விற்பவரிடம் புகாரை எடுத்துப் போய்ப் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். பெரிய தளங்கள் என்றால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். தனி இன்ஸ்டா பக்கம் என்றால் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி கியூஆர் கோடு அனுப்பினால் ஸ்கேன் செய்யவே கூடாது. யுபிஐ-யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ரீஃபண்டுக்கு அலைந்துகொண்டிருப்பவரைக் குறிவைத்து இரண்டாவது முறை ஏமாற்றும் வழி இது. இதே ஜாதியைச் சேர்ந்ததுதான் 'உங்க வீட்டுப் பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்குல விலை' என்ற விளம்பரமும். கமிஷன், வரி கட்டச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்துகிறார்கள் என்று 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதில் ரிசர்வ் வங்கிக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

1,800 ரூபாய்க்கு வழக்கா?

பேசியும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். '1,800 ரூபாய் புடவைக்கு யாருங்க கோர்ட்டுக்குப் போவா?' என்று கேட்கலாம். விற்பவரும் அதே நம்பிக்கையில்தான் இருக்கிறார். ஆனால் சட்டம் மாறியது பலருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் விற்பவர் இருக்கும் ஊரில், அல்லது பிரச்னை எழுந்த இடத்தில்தான் வழக்குப் போட வேண்டும். சூரத்தில் இருப்பவர் மேல் வழக்கு என்றால் யோசிப்பார்கள். 2019 சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே. வரவேண்டியவர் சூரத்காரர்தான்.

பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த பணம் மட்டுமில்லாமல், அலைச்சலுக்கான இழப்பீடும் வழக்குச் செலவும் சேர்த்துக் கேட்கலாம்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றே ஒன்று: நோட்டீஸ் அனுப்ப விற்பவரின் பெயரும் முகவரியும் வேண்டும். இன்ஸ்டா பக்கத்தின் பெயருக்கு நோட்டீஸ் போகாது. யுபிஐ ரசீதில் வரும் வங்கிக் கணக்குப் பெயர், பார்சல் மேல் ஒட்டிய அனுப்புநர் முகவரி, ஜிஎஸ்டி எண் இருந்தால் அது, இந்த மூன்றும்தான் கைகொடுக்கும். கோபத்தில் பார்சல் கவரைக் கிழித்துக் குப்பையில் போடுபவர்கள் முகவரியையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

வழக்குக்கு முன்பு, என்ன வாங்கினீர்கள், என்ன குறை, எவ்வளவு பணம் வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று எழுதி அந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பிப் பார்க்கலாம். 15 நாள் கெடு கொடுப்பது வழக்கம். லைவில் 'ரிட்டர்ன் கிடையாது' என்று சிரித்துக்கொண்டே சொன்னவர்கூட, வீட்டு வாசலில் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது கொஞ்சம் யோசிப்பார். யோசிக்கவில்லை என்றால், அந்தத் தபால் ரசீதையும் சேர்த்து, 2025 ஜனவரி முதல் செயல்படும் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதிவேற்றலாம்.